காலநிலைப் பேச்சுவார்த்தைகளால் ஏழை நாடுகளுக்கான வளர்ச்சி உதவி கூடியதா, குறைந்ததா?

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். வட சென்னை மீனவர் குடியிருப்புகளில் வேலை செய்த ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் கணக்கு எழுதியவன். என் பேரேட்டில் நான் கண்டவரை பணம் கூடவுமில்லை, குறையவுமில்லை, தலைப்புதான் மாறியது.

காசிமேட்டுப் பக்கம் நாங்கள் ஒரு மாலை நேரப் படிப்பகம் நடத்தினோம். ஒரு வாடகை அறை, இரண்டு ஆசிரியைகள், பிள்ளைகளுக்குச் சுண்டல், அவ்வளவுதான் செலவு. அதற்கு ஓர் ஐரோப்பிய அமைப்பு, தன் நாட்டு அரசின் வளர்ச்சி உதவியிலிருந்து பணம் தந்துவந்தது. 2015இல் புவி வெப்பமாவதைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் உடன்படிக்கை முடிந்து ஓரிரு ஆண்டுகளில், கல்விக்கான நிதி நிறுத்தப்படுவதாகவும் இனி காலநிலைப் பணிகளுக்கே முன்னுரிமை என்றும் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. நிறுவனத்தை நடத்திய அக்கா என்னை அழைத்து, "தம்பி, படிப்பகத்தை மூட முடியாது, அவர்களுக்கு வேண்டிய மாதிரி எழுதிக் கொடு" என்றார். ஓர் இரவு உட்கார்ந்து அதைக் காலநிலை மாற்றத்தைத் தாங்கும் திறன் வளர்க்கும் மையமாக்கினேன். சுவரில் புயல் பாதுகாப்பு மையங்களின் வரைபடம் ஒன்றை ஒட்டினோம், மாதம் ஒரு மணி நேரம் கடல் அரிப்பைப் பற்றிப் பாடம் வைத்தோம். பழைய தொகையே வந்தது. ஆனால் எத்தனை பேருக்குத் தாங்கும் திறன் கூடியது என்று அளந்து சொல்ல ஓர் ஆலோசகரை அமர்த்த வேண்டியிருந்ததால், ஓர் ஆசிரியையின் சம்பளம் அவருக்குப் போயிற்று. அந்தப் பெண் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை வேலைக்குப் போனார். நான் எழுதியது ஏமாற்று என்பவர்கள், மூடுவதைத் தவிர வேறு வழியையும் சொல்லட்டும்.

இதற்கான ஓட்டை பேச்சுவார்த்தையிலேயே இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் ஐ.நா. காலநிலை உடன்படிக்கை, பணக்கார நாடுகள் தரும் நிதி "புதியதும் கூடுதலானதுமாக" இருக்க வேண்டும் என்கிறது. எதைவிடக் கூடுதல் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை இன்றுவரை இல்லை. 2009இல் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள், 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகச் சொன்னார்கள். அந்த இலக்கு 2022இல்தான் எட்டப்பட்டது என்று, பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு கணக்கிட்டது. தொகை 11,590 கோடி டாலர். இதில் கணிசமான பகுதி வளர்ச்சி உதவிக் கணக்கிலும் ஏறுகிற பணம். எந்தத் திட்டத்துக்குக் காலநிலை முத்திரை குத்துவது என்பதைக் கொடுக்கும் நாடே முடிவு செய்துகொள்கிறது. இந்தோனேசியாவில் நிலக்கரி மின்நிலையங்களுக்குத் தந்த கடனைக்கூட ஜப்பான் காலநிலை நிதிக் கணக்கில் சேர்த்திருந்தது. பணக்கார நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவியாகத் தருவது என்று 1970இல் ஐ.நா. வைத்த இலக்கைத் தொட்ட நாடுகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை.

காலநிலை நிதியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் அலுவலகத்துப் பேரேடுகள் நனைந்து, பக்கம் பக்கமாக மின்விசிறிக்கடியில் காயவைத்தவன் நான். கொசஸ்தலையாற்றுப் படுகையின் மழைநீர் வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தது. வட சென்னைக்கு அது தேவைதான். ஆனால் அது கடன். 2022ஆம் ஆண்டுக் கணக்கிலும் அரசு வழி வந்த காலநிலை நிதியில் பத்தில் ஏழு பங்கு கடன்தான். புகையை அதிகம் விட்டவர்கள் கொடுக்கும் பணத்தை, வெள்ளத்தில் நின்றவர்கள் திருப்பிக் கட்டுகிறார்கள்.

2024 நவம்பரில் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று புதிய இலக்கு வைத்தார்கள். போதாது என்று இந்தியா அந்த அரங்கிலேயே எதிர்ப்புத் தெரிவித்தது. எனக்கு உறுத்தியது தொகையைவிட வாசகம்: அரசுப் பணம், தனியார் பணம், இருதரப்பு, பலதரப்பு என எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குள் சேர்த்துக்கொள்ள அது இடம் தருகிறது. எங்கள் படிப்பகத்துச் சுண்டல் காசும் அதற்குள் தாராளமாக அடங்கும்.