இரவில் வேன் அனுப்பித் தூக்கிப்போகிறோம் என்கிறார்கள், பணம் கட்டலாமா?

கேள்வி: என் கணவருக்கு 42 வயது. திருமங்கலத்தில் லோடு வேன் ஓட்டுகிறார். காலையில் எழுந்ததும் கை நடுங்கும், ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கும். வருடா வருடம் சபரிமலைக்கு மாலை போடுவார், அந்த நாட்களில் தொடவே மாட்டார். மாலையைக் கழற்றிய அன்றே ஆரம்பித்துவிடுவார். போன கார்த்திகையில் மாலை போட்ட மறுநாள் வலிப்பு வந்து விழுந்துவிட்டார். சாமி குத்தம் என்கிறார் மாமியார். ஒரு மறுவாழ்வு மையத்தில் விசாரித்தேன். மாதம் 18,000 ரூபாய், மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும், இரவில் வேன் அனுப்பி நாங்களே தூக்கிவந்துவிடுவோம், உங்கள் கையெழுத்து போதும் என்கிறார்கள். சேர்க்கலாமா? அதுவரை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுக்கலாமா?

பதில்: வேனும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். ஆனால் உள்நோயாளியாகச் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரி. எங்கே தொடங்குவது என்பதில்தான் சிக்கல்.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோனது வலிப்பு வந்த வரியில். தினமும் குடிக்கிற ஒருவரின் மூளை, அந்த மயக்கத்துக்கு ஈடுகொடுக்கத் தன்னை எப்போதும் முடுக்கியே வைத்திருக்கும். குடி திடீரென்று நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், யாரோ அடிக்க வருகிறார்கள் என்று ஓடுவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு, அடுத்த முறை நிறுத்தும்போதும் வருகிற வாய்ப்பு அதிகம். இதில் சாமி குத்தம் எதுவும் இல்லை. அதற்காக மாமியாரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். டாக்டர் வாயால் கேட்டால் அவரே ஏற்றுக்கொள்வார்.

இப்போது அந்த வேனை யோசித்துப் பாருங்கள். இரவில் நான்கு பேர் தூக்கிப்போய் ஒரு அறையில் அடைக்கிறார்கள். மறுநாள் வலிப்பு வந்தால் பக்கத்தில் டாக்டர் இருப்பாரா, நர்ஸ் இருப்பாரா? பல இடங்களில், முன்பு அங்கேயே சிகிச்சைக்கு வந்தவர்கள்தான் காவலுக்கு நிற்பார்கள்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடி மற்றும் போதையால் வரும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அவர் சம்மதித்தால் அவரே கையெழுத்துப் போட்டுச் சேரலாம், வெளியேறவும் அவரே கேட்கலாம். சம்மதிக்காதவரைச் சேர்க்க வழி உண்டு, ஆனால் மனைவியின் கையெழுத்து மட்டும் போதாது. நீங்கள் அவருடைய நியமனப் பிரதிநிதியாக (சட்டப்படி அவர் சார்பில் பேசுகிற ஆளாக) விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாக அவரைப் பரிசோதிக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருக்கிறார், அல்லது தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் என்று இருவரும் சொல்ல வேண்டும். அப்போதும் முதல் கட்டமாக 30 நாள் வரைதான். மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதப் பணத்தை முதலிலேயே கேட்பவரிடம் இந்த 30 நாள் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். சங்கிலியால் கட்டுவதற்கு முழுத் தடை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு கிடந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் இறந்ததை நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எங்கே போவது? பெரியாஸ்பத்திரிக்கு. மதுரை கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனையில் காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கி மனநலப் பிரிவுக்குக் கேட்டுப் போங்கள். ஆதார், பழைய மருந்துச் சீட்டுகள், கூட இருக்க ஒரு ஆள் வேண்டும். சீட்டு எழுதும்போதே, போன முறை நிறுத்தியபோது வலிப்பு வந்தது என்று சொல்லிவிடுங்கள். இதை மறைக்கிற குடும்பங்கள் நிறைய, டாக்டர் முடிவெடுப்பதே அதை வைத்துத்தான். சேர்த்ததும் நடுக்கத்தை அடக்கும் மருந்தைக் கூடுதல் அளவில் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள், ஈரல் பரிசோதனை நடக்கும். தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டிவருவது இதற்கு மாற்று ஆகாது. பி1 போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை வீட்டில் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். குடிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், திடீர் நிறுத்தம்தான் அவருக்கு ஆபத்து. வேன் சாவியை மட்டும் வாங்கி வையுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை.

அவரைச் சம்மதிக்கவைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. முடியாது என்று முடிவுகட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு மண்டலம் குடிக்காமல் இருக்கிறவர் அவர். இரவில், போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். டாஸ்மாக் கடை திறப்பதே மதியம் 12 மணிக்குத்தான். காலையில் கை நடுங்க உட்கார்ந்திருக்கும்போது, அவர் மதிக்கிற ஒருவர் (குருசாமியோ, தாய்மாமனோ, வேன் முதலாளியோ) கூட இருக்கப் பேசுங்கள். "குடியை விடு" என்று தொடங்கினால் சண்டைதான் வரும். "அந்த வலிப்புக்கு டாக்டரைப் பார்த்துவிடலாம்" என்றால் பெரும்பாலோர் கிளம்பிவிடுவார்கள். அது பொய்யும் இல்லை.

ஆஸ்பத்திரியில் உடம்பு தேறிய பிறகுதான் மறுவாழ்வு மையம். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் இலவசமாக நடத்தும் மையங்கள் உண்டு. 14446 என்ற இலவச எண்ணில் அழைத்தால் பக்கத்தில் எது என்று சொல்வார்கள். 2025-ல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தது, அதையும் மனநலப் பிரிவில் கேளுங்கள். தனியார் இடம்தான் என்றால் நேரில் போய்ப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், இரவில் நர்ஸ் உண்டா, அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். வரவேற்பறையை விடுங்கள், கழிப்பறையையும் படுக்கும் இடத்தையும் பாருங்கள். அதைக் காட்ட மறுக்கிற இடத்துக்கும், மாதக்கணக்கில் போனில்கூடப் பேசவிடாத இடத்துக்கும் நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

அந்த மாத்திரை விஷயம். டைசல்பிராம் என்பது அதன் பெயர். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும், உயிரும் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைக்கும்கூட அந்த விளைவு வரக்கூடும். தெரிந்து சாப்பிடுகிறவர் பயந்து குடிக்காமல் இருப்பார், அந்த மருந்து வேலை செய்வதே அப்படித்தான். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போலக் குடிப்பார். ரசத்தில் கலந்து கொடுத்துவிட்டு, நள்ளிரவில் அவசரப் பிரிவில் என்ன கொடுத்தோம் என்று சொல்லப் பயந்து நிற்கிற மனைவிமார் இருக்கிறார்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்த்து, அவருக்குச் சொல்லிவிட்டு, இதையோ ஆசையைக் குறைக்கும் வேறு மருந்தையோ எழுதுவார்.

மையத்திலிருந்து வெளியே வரும் நாள், மாலையைக் கழற்றும் நாள் மாதிரிதான். விரத காலத்தில் அவரைப் பிடித்து வைத்திருந்தது விடியற்காலைக் குளியல், பஜனை, கூட இருக்கிற சாமிமார்கள், 'சாமி' என்று கூப்பிடும் ஊர். கழற்றியதும் எல்லாம் ஒரே நாளில் போய்விடுகிறது. அதனால் வெளியே வருவதற்கு முன்பே அடுத்த வாரத்தை முடிவு செய்து வைத்திருங்கள்: டாக்டரை எப்போது பார்ப்பது, மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது, வாடகைப் பணம் யார் கைக்கு வருவது, சாயங்காலம் எங்கே இருப்பது. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழில் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. முதல் சில மாதங்களுக்கு இரவு லோடு வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவையுங்கள். இடையில் ஒருநாள் குடித்துவிட்டால் மறுநாளே டாக்டரிடம் போங்கள். எல்லாம் போச்சு என்று அழுதுகொண்டு வாரக்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

அவர் கை ஓங்குகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழையுங்கள், அவருடைய சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முன்பணம் கட்டிவிட்டீர்களா என்பதும் தெரியவில்லை. கட்டியிருந்தால் வேன் அனுப்ப வேண்டாம் என்று இன்றே வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அந்த அலைச்சலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் பெரியாஸ்பத்திரி.