டர்காய்ஸ் கல் பச்சையாகிவிட்டது, கழுவலாமா?

கேள்வி: அரிசோனாவில் வேலை பார்க்கும் மகள், நவாஹோ என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த கைவினைஞர் செய்த டர்காய்ஸ் பதித்த பழைய வெள்ளிக் காப்பு ஒன்றை வாங்கிவந்து கொடுத்தாள். கழற்றாமல் போட்டிருந்தேன். நீலக் கல்லில் பச்சை ஏறிவிட்டது, வெள்ளியும் கறுத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? பத்தரிடம் கொடுத்து மெருகு போடலாமா?

பதில்: தயவுசெய்து இரண்டும் வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி. டர்காய்ஸுக்கு அது எமன். செம்பும் அலுமினியமும் சேர்ந்த பாஸ்பேட் கனிமம் அது, நுண்துளைகள் நிறைந்தது. அமிலம் அதன் மேற்பரப்பை அரித்துவிடும். வியர்வை, தேங்காய் எண்ணெய், சென்ட் எல்லாவற்றையும் கல் உறிஞ்சிக்கொள்ளும். பச்சை ஏறியது அதனால்தான். அதை இறக்க நம்பகமான வழி இல்லை. துளைகளை அடைக்கப் பிசின் ஏற்றிய கல் இவ்வளவு எளிதில் நிறம் மாறாது என்பதால், உங்களுடையது இயற்கைக் கல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கறுப்பைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். பிறைகளும் கதிர்களுமாக அச்சு இறங்கிய பள்ளங்களில் மட்டும் கறுப்பு நிற்கிறதா? அது அழுக்கல்ல, வேலைப்பாடு. நவாஹோக்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மெக்சிகோ கொல்லர்களிடம் இந்தத் தொழிலைக் கற்றார்கள். வெள்ளி நாணயங்களை உருக்கி, தண்டவாளத் துண்டைப் பட்டறைக்கல்லாக்கி, பழைய இரும்பில் தாங்களே வெட்டிய அச்சுகளைச் சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். அந்தக் கோடுகளை எடுத்துக்காட்டுவதே பள்ளத்துக் கறுப்புதான். மெருகு எந்திரத்தில் கொடுத்தால் கறுப்போடு அச்சின் கூர்மையும் போய்விடும். அந்தக் கை உழைப்பு அழிவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது.

தண்ணீரும் ஆகாது. பழைய நகைகளில் கல்லுக்கு அடியில் மெத்தை போல மரத்தூள் வைப்பது வழக்கம். ஈரம் பட்டால் தூள் உப்பி, கல்லைச் சுற்றியுள்ள மெல்லிய வெள்ளி விளிம்பை நெகிழ்த்திவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் கல்லை மெதுவாகத் துடையுங்கள். வெள்ளி துடைக்கும் துணியை மேடான பகுதிகளில் மட்டும், கல்லில் படாமல் பயன்படுத்துங்கள். விபூதி, பற்பசை வேண்டாம், கீறல் விழும். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் கழற்றிவிடுங்கள்.

கல் ஆடுகிறதென்றால் ஒட்டுப்பசை போடாதீர்கள். பத்தரிடம் விளிம்பை அழுத்தித் தரச் சொன்னால் போதும். காப்பில் பற்றவைக்கும் வேலை வந்தால், கல்லைக் கழற்றாமல் நெருப்பில் காட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சூடு பட்டால் டர்காய்ஸ் நிறம் போய் வெடித்துவிடும்.