முயல் எடை எழுதிய நோட்டும் அடகு வைக்க இருந்த வீடும்

போன வாரம் ஒரு அம்மாவும் அப்பாவும் மகளைக் கூட்டிக்கொண்டு, மேற்படிப்புக்கு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள். பள்ளிப்படிப்பு முடிந்திருக்கிறது, மருத்துவ இடத்துக்கு மதிப்பெண் போதவில்லை. வீட்டை அடகு வைத்தாவது பணம் கட்டிச் சேர்க்கச் சொல்கிறாராம் பெரியப்பா. மாமாவுக்கும் அதே எண்ணம். "முயல் முயல்னு சுத்துறா மேடம், நீங்கதான் புத்தி சொல்லணும்" என்றார் அப்பா.

பயப்படாதீர்கள் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். அப்போது அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். வீட்டு முயல்கள் போட்ட குட்டிகளின் எடையை இரண்டு வருடமாக, வாராவாரம், கிராம் கணக்கில் எழுதி வைத்திருக்கிறாள். தாய் எது, தந்தை எது, ஒரு ஈற்றில் எத்தனை குட்டி என்று தனித்தனிக் கட்டங்கள். ஓரத்தில் ஒரு கேள்வி: "ஒரே தாய், ஒரே தீவனம். இது மட்டும் ஏன் இவ்வளவு பெரிசு?"

அதற்குமேல் எனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. வீட்டை அடகு வைக்காதீர்கள் என்றேன். கடனைக் கட்டப்போவது பெரியப்பா இல்லை. விருப்பமில்லாத படிப்பை வருடக்கணக்கில் இழுக்கப்போவதும் அவர் இல்லை.

மருத்துவம் இல்லையென்றால் வேறென்ன என்ற வழக்கமான பட்டியலை நான் போடப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். இவள் கேட்ட கேள்விக்கு விடை தேடுவதே ஒரு தொழில் என்பதுதான் பலருக்குத் தெரியாது. விலங்கு மரபியலும் இனமேம்பாடும் என்று அதற்குப் பெயர்.

முயலுக்கு 22 ஜோடி குரோமோசோம்கள். அதன் டிஎன்ஏவில் சுமார் 270 கோடி எழுத்துகள். முயலுக்கு முயல் எழுத்து மாறும் இடங்கள் ஏராளம். அவற்றில் சில, எடை கூடுவதோடு சேர்ந்தே வருகின்றன. அவைதான் மார்க்கர்கள். மார்க்கரே காரணமாக இருக்கவேண்டும் என்றில்லை, காரணம் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தாலும் போதும். வளர்ச்சி ஹார்மோன் மரபணு, பசியைக் கட்டுப்படுத்தும் எம்சி4ஆர், தசை அளவு மீறாமல் பிடித்து வைக்கும் மயோஸ்டாட்டின் எல்லாவற்றையும் முயலில் ஆராய்ந்திருக்கிறார்கள். குள்ள முயலின் கதை இன்னும் ஆச்சரியம். எச்எம்ஜிஏ2 என்ற மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தக் குறை வந்தால் குட்டி குள்ளமாகும். இருவரிடமிருந்தும் வந்தால் பிறந்த சில நாளில் செத்துவிடும்.

சாதாரண எடை இப்படி ஒரே மரபணுவில் அடங்காது. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்க்கும். ஒரு இனத்தில் பலித்த மார்க்கர் இன்னொன்றில் பலிக்காமல் போகலாம். ஈற்றில் குட்டிகள் அதிகமானால் பால் பங்கு குறையும், குட்டி சிறுக்கும். அதை மரபணுவின் வேலை என்று நினைத்தால் எல்லாமே தப்பாகிவிடும். இவள் யாரும் சொல்லாமலே குட்டிகளின் எண்ணிக்கைக்குத் தனிக் கட்டம் போட்டிருந்தாள்!

எடை பார்க்கத் தராசு போதுமே என்று அப்பா கேட்டார். நல்ல கேள்வி. எடைக்குப் போதும். ஆனால் பண்ணையின் பெரிய செலவு தீவனம். கூட்டமாக வளரும் முயல்களில் எது குறைவாகத் தின்று நன்றாக வளர்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். மார்க்கர் கைகொடுக்கக்கூடிய இடம் அது. எல்லா மார்க்கர்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு விலங்கின் மரபுத் தரத்தைக் கணக்கிடும் முறையை 2001ல் மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட் என்ற மூவர் முன்வைத்தார்கள். கறவை மாடுகளில் அது நன்றாக வேரூன்றிவிட்டது. முயலில் ஒரு டிஎன்ஏ பரிசோதனைக்கு ஆகும் செலவுக்கு முயலின் விலை ஈடாகாது, அதனால் இன்னும் தயக்கம். செய்ய வேண்டிய வேலை நிறைய மிச்சம் இருக்கிறது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

கால்நடை மருத்துவமோ கால்நடை அறிவியலோ உயிரியலோ படித்துவிட்டு, முதுகலையில் இந்தத் துறைக்கு வரலாம். புள்ளியியல் கட்டாயம் வேண்டும், கணினி நிரலும் எழுதத் தெரியவேண்டும். பிரான்சின் துலூஸிலும் ஸ்பெயினின் வலென்சியாவிலும் முயல் இனமேம்பாட்டு ஆய்வு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. முயலை மட்டும் நம்பினால் வேலைகள் குறைவு, அதை மறைக்கமாட்டேன். ஆனால் இதே கணக்கு மாட்டுக்கும் கோழிக்கும் மீனுக்கும் செல்லும். முனைவர் பட்டம் வரை போவதென்றால் உதவித்தொகை கிடைத்தால் மட்டும் போகட்டும். அதற்கும் கடன் கூடாது.

பண்ணை முயல் இறைச்சிக்காக வளர்வது, உன்னால் அதைத் தாங்கமுடியுமா என்று அவளிடம் கேட்டேன். கொஞ்சநேரம் பேசவில்லை. "கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா எடை ஏன் மாறுதுன்னு தெரிஞ்சுக்கணும்" என்றாள்.

அப்பா அந்த நோட்டை இதுவரை திறந்து பார்த்ததே இல்லையாம். முழுசாகப் படித்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள் என்று அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன்.