சின்ன சமையலறைக்கு முதலில் எந்தெந்தச் சாமான் வாங்க வேண்டும்?

இடம் குறைவு, இரண்டு பேருக்குத்தான் சமையல், எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கத்தியில் தொடங்குங்கள். 18 முதல் 20 செ.மீ. அலகுள்ள ஒன்று, சில்லறை வேலைக்கு 9 செ.மீ.யில் ஒன்று. செட்டாக வாங்கவே வேண்டாம். தக்காளித் தோலில் வைத்து லேசாக இழுத்தால் கத்தி இறங்க வேண்டும். வழுக்கினால் கூர் போய்விட்டது என்று பொருள். கை தானாக அழுத்தும், கத்தி சறுக்கி விரலைப் பதம் பார்க்கும். கண்ணாடிப் பலகையிலும் கல் மேடையிலும் நறுக்கினால் கூர் சீக்கிரம் மழுங்கும். மரப்பலகை நல்லது. அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது.

அடுத்து, மூடியோடு 3 லிட்டர் பாத்திரம், 24 செ.மீ. வாணலி. அடி கனமாக இருக்கட்டும். மெல்லிய தகட்டில் தீ படும் இடம் கருகும், ஓரம் வேகாது. நான்ஸ்டிக் வாங்கினால் வெறும் வாணலியை அடுப்பில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். மரக்கரண்டிதான் அதற்கு ஏற்றது.

தோல்சீவி, வடிகட்டி, இடுக்கி போதும். பூண்டு நசுக்கி, முட்டை வெட்டி எல்லாம் இழுப்பறையை அடைக்கத்தான். மிக்ஸி வாங்குமுன் மேடையில் அதற்கு நிரந்தர இடமும் பக்கத்திலேயே பிளக்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.