ஸ்லாப் என்றால் பாளமா, பலகையா, தளமா?

கேள்வி: ஸ்லாப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் 'கனமான, தட்டையான துண்டு' என்று போட்டிருக்கிறார்கள். அப்படியே எழுதினால் வாக்கியம் இழுக்கிறது. ஒரே சொல்லாகத் தமிழில் இல்லையா?

பதில்: இருக்கிறது. பாளம். நல்ல சொல், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நாம் எடுக்காமல் விட்ட சொல், அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. தண்ணீர் வற்றிய நிலம் எப்படி வெடித்துக் கிடக்கிறது என்று யாரைக் கேட்டாலும் 'பாளம் பாளமாக' என்றுதான் வாயில் வரும். உருக்கி வார்த்த உலோகத்தையும் தங்கப் பாளம், வெள்ளிப் பாளம் என்கிறோம். ஸ்லாப் என்பதும் இதே உருவம்தான்: மேலும் கீழும் தட்டை, நீள அகலத்தைப் பார்க்கப் பருமன் குறைவு, ஆனால் கையால் வளைக்க முடியாத அளவு தடிப்பு. பருமன் இன்னும் குறைந்து வளைய ஆரம்பித்தால் அது தகடு, எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிட்டால் கட்டி. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது பாளம்.

ஆனால் எல்லா இடத்திலும் இதையே போட்டுவிடாதீர்கள். கல்லானால் கற்பலகை, கட்டடமானால் தளம். மரத்தில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அறுவை ஆலையில் உருட்டு மரத்தைச் சதுரமாக்க முதலில் சீவித் தள்ளும் வெளித்துண்டு, ஒரு பக்கம் பட்டையும் வளைவுமாக இருக்கும் பாருங்கள், அதைத்தான் ஆங்கிலத்தில் ஸ்லாப் என்பார்கள், அதைப் பலகை என்று எழுதினால் தப்பு. இப்போது மேசைக்காக ஓரத்தைச் சீவாமல் அப்படியே விட்டு அறுக்கிற தடித்த பலகைக்கும் அதே பெயர் வந்துவிட்டது, அங்கே பலகை சரி.

கேள்வி: தரையில் போடுகிற கிரானைட்டையும் ஸ்லாப் என்கிறார்கள், வீட்டு மேல்தளத்தையும் ஸ்லாப் என்கிறார்கள். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

பதில்: உருவம் ஒன்று, வேலை வேறு. குவாரியில் பெரிய கட்டியாக எடுத்த கல்லை ரம்பத்தால் வரிசையாக அறுத்தால் கிடைப்பது கற்பலகை, பெரும்பாலும் 2 செ.மீ. அல்லது 3 செ.மீ. பருமனில் வரும். அதையே சின்ன அளவுகளில் வெட்டிவிட்டால் பெயர் டைல்ஸ் ஆகிவிடும். இந்தக் கல் தரையிலோ மேடையிலோ படுத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான் அதன் பொறுப்பு.

கான்கிரீட் தளம் அப்படியில்லை, அது அந்தரத்தில் நின்று சுமக்க வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால். கான்கிரீட்டை அமுக்கினால் நன்றாகவே தாங்கும், ஆனால் இழுத்தால் சீக்கிரம் விரிசல் விட்டுவிடும். சுமை ஏறும்போது தளம் நடுவில் லேசாகத் தொய்யும், அப்போது மேல்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. அந்த இழுப்பைத் தாங்கத்தான் நடுப்பகுதியில் கம்பி அடிப்பக்கத்தில் ஓடுகிறது. தளம் ஒரு உத்திரத்தைத் தாண்டி அடுத்த அறைக்கும் தொடர்ந்து போனால் உத்திரத்துக்கு மேலே நிலைமை தலைகீழ், அங்கே மேல்பக்கம்தான் இழுபடும், ஆகவே கம்பியும் மேலே வர வேண்டும். கான்கிரீட் கொட்டும் நாளில் ஆட்கள் மிதித்து மிதித்து இந்த மேல்கம்பி கீழே இறங்கிவிடுவது பல இடங்களில் நடக்கிறது, வெளியே தெரியாது, பின்னால் விரிசலாகத்தான் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் 'ஒன் வே', 'டூ வே' என்று பார்த்திருப்பீர்கள். அறையின் நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போனால் சுமை பெரும்பாலும் குறுக்குப் பக்கமாகவே இறங்கும், அது ஒரு திசைத் தளம். அறை சதுரத்துக்குப் பக்கமாக இருந்தால் நாலு பக்கமும் பங்கு போட்டுக்கொள்ளும், அது இரு திசைத் தளம். உத்திரமே இல்லாமல் தூண்கள் மேல் நேராக உட்காருவது பிளாட் ஸ்லாப்.

கேள்வி: இரும்பாலைப் பாடத்தில் ஸ்லாப், புளூம், பில்லெட் என்று மூன்று வருகிறது. என்ன வித்தியாசம்?

பதில்: குறுக்காக வெட்டினால் தெரியும் வடிவம்தான் வித்தியாசம். உருகிய எஃகை வார்க்கும்போது அகலமாகவும் தட்டையாகவும் வந்தால் ஸ்லாப், பருமன் பெரும்பாலும் 200 முதல் 250 மி.மீ. வரை இருக்கும், அதை உருளைகளுக்கு நடுவில் விட்டு நசுக்கித்தான் தகடு எடுக்கிறார்கள். சதுரமாகப் பெரிதாக வந்தால் புளூம், தண்டவாளமும் பெரிய உத்திரங்களும் அதிலிருந்து வரும். சதுரமாகச் சிறியதாக வந்தால் பில்லெட், கம்பி அதிலிருந்து. இங்கே ஸ்லாபுக்கு எஃகுப் பாளம் என்று எழுதினால் கச்சிதமாக உட்காரும்.

கேள்வி: வருமான வரியில் சொல்கிற ஸ்லாபும் இதே சொல்தானா? சம்பளம் கொஞ்சம் கூடி அடுத்த ஸ்லாபுக்குப் போனால் மொத்தத்துக்கும் கூடுதல் வரியா?

பதில்: அதே சொல்தான், ஆனால் இது இந்திய வழக்கு. அமெரிக்காவில் பிராக்கெட் என்றும் பிரிட்டனில் பேண்ட் என்றும் சொல்வார்கள், அவர்களிடம் போய் டாக்ஸ் ஸ்லாப் என்றால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். எனக்கென்னவோ மூன்றில் நம்முடையதுதான் பொருத்தமாகப் படுகிறது. வருமானத்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பாளங்களாக நினைத்துப் பாருங்கள், ஒவ்வொரு பாளத்துக்கும் தனி விகிதம். நீங்கள் மேல் பாளத்தில் கால் வைத்ததும் கீழே உள்ள பாளங்களின் விகிதம் மாறாது, மேலே ஏறிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். தள்ளுபடி, கூடுதல் கட்டணம் ஆகியவற்றுக்குத் தனி விதிகள் இருக்கின்றன, அதைச் சேர்த்துத்தான் கடைசித் தொகை வரும், ஆனால் அடிப்படைக் கணக்கு இதுதான். தமிழில் வரி அடுக்கு என்று எழுதுங்கள், படித்தவுடன் புரியும்.

கேள்வி: ஸ்லாப் செரிஃப் என்று ஒரு எழுத்துரு வகை இருக்கிறதாமே?

பதில்: ஆமாம். ஆங்கில எழுத்தின் கோடுகள் முடியும் முனைகளில் சின்னதாக நீட்டிக்கொண்டிருப்பது செரிஃப். அது மெலிந்து கூராகாமல் பாளம் மாதிரி தடித்து இருந்தால் ஸ்லாப் செரிஃப். 1845இல் வந்த கிளாரெண்டன், 1934இல் வந்த ராக்வெல் இரண்டும் இந்த வகை, தட்டச்சு எழுத்தை நினைவூட்டும் கூரியரும் இதுதான்.

கேள்வி: மொழிபெயர்ப்பு செய்கிறேன். ஒரு துப்பறியும் கதையில் 'அவன் ஸ்லாபில் கிடந்தான்' என்றும், இன்னொரு கதையில் 'ஒரு ஸ்லாப் வாங்கி வந்தான்' என்றும் வருகிறது. கற்பலகை என்றே போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம், இரண்டுமே கெட்டுப்போகும். முதலாவது பிணவறை மேசை, அவன் இறந்துவிட்டான் என்று அர்த்தம், 'பிணவறை மேசையில் கிடந்தான்' என்று நேராகவே எழுதுங்கள். இரண்டாவது எந்த நாட்டுக் கதை என்று பாருங்கள். தென்னாப்பிரிக்கா என்றால் அது சாக்லேட் பாளமாக இருக்கலாம். ஆஸ்திரேலியா என்றால் அநேகமாக 24 கேன் கொண்ட பீர் பெட்டி.