கையில் எடுத்துக்கொண்டு போக முடியுமா?

கேள்வி (சிங்கப்பூர், செங்காங் வாசகி): மகள் தொடக்கநிலை 3 படிக்கிறாள். எங்கள் பேட்டையில், கணினிக்கான கட்டளைகளை (நிரலை) எழுதப் பழக்கும் ஒரு கோடிங் வகுப்பில் பத்து வாரத்துக்கு 580 வெள்ளி கேட்கிறார்கள். ஸ்கிராட்ச், கோட் டாட் ஆர்க் என்று கோடிங் பழகும் தளங்கள் எல்லாம் சும்மாவே கிடைக்கிறது, எதற்குக் காசு என்கிறான் என் தம்பி. எது நல்லது? அவளைப் பார்த்து ஐந்து வயதுச் சின்னவனும் அடம்பிடிக்கிறான்.

பதில்: காசை முதலில் உள்ளே வையுங்கள். உங்கள் தம்பி சொல்வது சரிதான், ஆனால் அவர் சொன்ன இரண்டும் ஒரே மாதிரி இல்லை. கோட் டாட் ஆர்க் என்பது புள்ளி வைத்துக் கொடுத்த கோலம் மாதிரி, பிள்ளை இழை இழுத்தால் போதும். ஒவ்வொரு புதிருக்கும் ஒரு விடை, சரியாகச் செய்தால் அடுத்ததற்குப் போகலாம், தப்பினால் அங்கேயே திருத்தச் சொல்லும். ஸ்கிராட்ச் வெறும் வாசல். உள்ளே போனால் ஒரு பூனை நிற்கும், அதை என்ன செய்வது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சில பிள்ளைகளுக்கு அந்த வெறுமையே கொண்டாட்டம், சிலர் பத்து நிமிடத்தில் "போர் அடிக்குது" என்று எழுந்துவிடுவார்கள். அதனால் இரண்டு மூன்று வாரம் கோட் டாட் ஆர்க்கில் விட்டு, "திரும்பத் திரும்பச் செய்", "இப்படி இருந்தால் இதைச் செய்" என்ற இரண்டும் பிடிபட்ட பிறகு ஸ்கிராட்சுக்கு மாற்றுங்கள் என்பேன்.

சின்னவனுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர். 5 முதல் 7 வயதுக்கென்றே 2014இல் வந்த இலவசச் செயலி. கட்டளைகள் பெரும்பாலும் படங்கள்தான், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாவிட்டாலும் சமாளிப்பான். டேப்லட்டில் இறக்கிவிட்டால் இணையமும் வேண்டாம்.

இப்போது நான் முக்கியமாகப் பார்ப்பதைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் அக்கா மகன் ஒரு வகுப்புக்குப் போனான், பெயர் வேண்டாம். ஒரு வாழைப்பழம் பிடிக்கும் விளையாட்டைச் செய்து வீட்டில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். கட்டணத்தை நிறுத்திய மறுமாதம் கணக்கும் போச்சு, விளையாட்டும் போச்சு. ஏனென்றால் அவன் செய்த எதுவும் அவனுடைய கணினியில் இல்லை, வகுப்பின் கணக்கில் இருந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை செய்ததைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வர முடியுமா?

ஸ்கிராட்சில் முடியும். கோப்புப் பட்டியலில் 'உங்கள் கணினியில் சேமி' என்பதை அழுத்தினால் எஸ்பி3 என்று முடியும் கோப்பு இறங்கும், படம், சத்தம், நிரல் எல்லாம் அதற்குள். கணக்குத் திறக்காமலேயே இதைச் செய்யலாம் என்பது இன்னும் நல்லது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாகி 2007இல் பொதுவுக்கு வந்த தளம் இது. நடுவில் ஃபிளாஷ் என்ற நுட்பத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது, 2020 கடைசியில் ஃபிளாஷுக்கே மூடுவிழா நடந்தபோது எத்தனையோ பிள்ளைகள் விளையாட்டுத் தளங்கள் அதோடு போயின. ஸ்கிராட்சோ 2019 ஜனவரியிலேயே வேறு நுட்பத்துக்குக் குடிபெயர்ந்து, பழைய திட்டங்களையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது.

ஒரு எச்சரிக்கை. 'பகிர்' என்பதை அழுத்தினால் உலகமே பார்க்கும், யாரும் எடுத்து மாற்றலாம். சொந்தப் பெயர், பள்ளிப் பெயர், குரல் எதுவும் அதில் வேண்டாம்.

அப்புறம் பள்ளியும் சும்மா இல்லை. 2020 முதல் மேல் தொடக்கநிலை மாணவர்கள் எல்லோருக்கும் 'கோட் ஃபார் ஃபன்' பத்து மணி நேரம் உண்டு. பிள்ளைகள் நிரல் எழுதி இயக்கும் சின்னக் கணினியான மைக்ரோபிட் அட்டை வாங்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், தெரியும். அதற்கு நிரல் எழுதும் இலவச மேக்கோட் தளத்தில் அந்த அட்டையே திரையில் ஓடிக் காட்டும், பிள்ளை அங்கே விளையாடிப் பார்த்துப் பிடித்திருந்தால் பிறகு வாங்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு, பக்கத்தில் ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் பிள்ளை உட்காரும் என்றால் வகுப்பில் சேருங்கள், அதில் தப்பே இல்லை. பணம் கட்டும் முன் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். மழுப்பினார்கள் என்றால் வந்துவிடுங்கள்.

கேள்வி (ஈசூன் வாசகர்): தேவார விளக்கம், சமையல் குறிப்பு, முழங்கால் வலிக் கட்டுரை என்று பார்த்ததை எல்லாம் வாட்ஸ்அப்பில் எனக்கே லிங்க் அனுப்பிச் சேர்த்து வைத்தேன். இப்போது பாதி திறக்கவில்லை. எதில் சேமிப்பது?

பதில்: ஐயா, லிங்க் என்பது வீட்டு விலாசம் மட்டும்தான். வீட்டை இடித்துவிட்டால் விலாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சேமித்துத் தருகிறோம் என்ற செயலிகளும் நிலையில்லை. பாக்கெட் 2007இல் தொடங்கியது, 2017இல் மொசில்லா வாங்கியது, 2025 ஜூலை 8ஆம் தேதி மூடிவிட்டது. ஆம்னிவோர் அதற்கும் முன்பே, 2024 நவம்பரில். அதனால் உள்ளடக்கமே உங்கள் கணினியில் கோப்பாக இருக்க வேண்டும்.

பிடிஎஃப் ஆக்கலாமே என்பீர்கள். ஆக்கலாம், படிக்கவும் அச்செடுக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் தமிழில் ஒரு தொல்லை: பல பிடிஎஃப்களில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் எல்லாம் பிய்ந்து இடம் மாறி உட்கார்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, 'கொத்தமல்லி' என்று தேடினால் மட்டும் கிடைக்காது. அதைவிட 'சிங்கிள்ஃபைல்' என்ற இலவச நீட்சியை உலாவியில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு சொடுக்கில் முழுப் பக்கமும் படங்களோடு ஒரே கோப்பாக இறங்கும், தமிழும் தமிழாகவே இருக்கும். கோப்புக்குத் தமிழில் பெயர் வையுங்கள், ஒரு தம்ப் டிரைவில் இன்னொரு பிரதி.

ஏற்கெனவே போன பக்கங்களை பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளை வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடுங்கள், பழைய விலாசத்தை அப்படியே ஒட்டினால் போதும், அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். இனி நல்ல பக்கம் கண்ணில் பட்டால் அங்கே நீங்களே சேமிக்கவும் சொல்லலாம், அது ஊருக்கும் பயன். நம் தேசிய நூலக வாரியமும் டாட் எஸ்ஜி தளங்களைத் திரட்டி வைக்கிறது. 1995இலேயே நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இங்கிருந்து தமிழை இணையத்தில் ஏற்றியவர். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பாதிக் கட்டுரையைத் தொலைத்துவிட்டு நிற்பது எனக்கும் கொஞ்சம் வெட்கம்தான், என் பழைய வலைப்பதிவே போன இடம் தெரியவில்லை.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகர்): பேரனோடு தமிழிலேயே கோடிங் செய்ய முடியுமா?

பதில்: முடியும். 'எழில்' என்று தமிழிலேயே கட்டளை எழுதும் நிரல்மொழி இருக்கிறது. அவ்வளவு தூரம் போகாமலும் செய்யலாம்: பைத்தான் 3 என்ற நிரல்மொழியில் மாறிகளுக்கு (மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டிகளுக்கு) 'வயது', 'மதிப்பெண்' என்று தமிழிலேயே பெயர் வைத்தால் ஏற்றுக்கொள்ளும், கட்டளைகள் மட்டும் ஆங்கிலம். ஸ்கிராட்சில் பூனையின் பேச்சுக் குமிழியில் தமிழிலேயே எழுதலாம். கணினியில் தமிழ்99 விசைப்பலகையை ஏற்றி வையுங்கள், பூனை சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லச் சொல்லப் பேரன் தட்டட்டும். 'ழ' எந்த விசை என்று உங்களிடம்தான் கேட்பான், முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.