வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜின் இல்லாத புதிய டாட்ஜ் சார்ஜரில் எந்த என்ஜின், எந்த வேரியன்ட் வாங்கலாம்?

பெட்ரோல் ஸ்காட் பேக். யோசிக்காமல் சொல்வேன்.

பெட்ரோல் சார்ஜரில் ஆர்/டி, ஸ்காட் பேக் இரண்டுக்கும் 3.0 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ கொண்ட ‘ஹரிகேன்’ என்ஜின்தான். ஆர்/டி தருவது 420 குதிரைத்திறன், ஸ்காட் பேக் 550. ஒரே என்ஜின்தானே, ஆர்/டியை வாங்கிப் பிறகு மென்பொருளை மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கை நான் ஏற்கமாட்டேன். 550 தரும் என்ஜினில் பிஸ்டன்கள் வார்ப்பு அல்ல, அடித்து உருவாக்கப்பட்டவை. சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு இறுக்கப்படுகிறது என்பதைக் காட்டும் அழுத்த விகிதமும் 10.4லிருந்து 9.5 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. டர்போ கூடுதல் காற்றைத் திணித்தாலும் எரிபொருள் தவறான நேரத்தில் வெடித்து என்ஜின் தட்டாமல் தாங்குவது இவற்றால்தான். அறிமுக விலையில் இரண்டுக்கும் இடைவெளி 5,000 டாலர். உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அது நியாயமான விலை.

சார்ஜரின் மின்சார வடிவமான டேட்டோனா ஸ்காட் பேக்கின் 670 குதிரைத்திறன் நேர்ச்சாலையில் மிரட்டும். ஆனால் எடை 2,600 கிலோவுக்கு மேல். வளைவிலும் பிரேக்கிலும் அந்தப் பாரத்தை மறக்க முடியாது. எனக்கு அது வேண்டாம்.

ஆறு சிலிண்டர் வைத்தால் அது மசில் காரா (பெரிய என்ஜின் கொண்ட அமெரிக்க வேகக் காரா) என்று கோபப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. டாட்ஜின் இன்னொரு மசில் காரான 1970 சாலஞ்சரின் அடிப்படை வேரியன்டிலேயே 225 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின் இருந்தது. அதே உடலில் 425 குதிரைத்திறன் கொண்ட 426 கன அங்குல ‘ஹெமி’ வி8 என்ஜினும் கிடைத்தது. வாங்குபவரே என்ஜினைத் தேர்ந்தெடுத்துக் காரின் குணத்தைத் தீர்மானிப்பதுதான் இந்த வகைக் கார்களின் அழகு. புதிய என்ஜினின் 550 குதிரைத்திறன், பழைய 392 கன அங்குல ஹெமியின் 485ஐத் தாண்டியும்விட்டது. நான்கு சக்கர இயக்கம் எல்லாவற்றிலும் உண்டு. விரும்பினால் பின்சக்கரங்களுக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பனி விழும் ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

கிளட்ச் மிதித்து ஓட்டத்தான் ஆசை என்றால் டாட்ஜ் உதவாது, 8 வேக ஆட்டோமேட்டிக் மட்டுமே. போட்டியாளரான செவ்ரோலே கமாரோவின் உற்பத்தியும் 2023 டிசம்பரோடு முடிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது ஃபோர்டு முஸ்டாங். அதிலும் 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ என்ஜின் கொண்ட ஈகோபூஸ்டில் மேனுவல் கிடையாது. 480 குதிரைத்திறன் கொண்ட ஜிடி அல்லது 500 கொண்ட டார்க் ஹார்ஸுக்குப் போக வேண்டும். 5.0 லிட்டர் வி8, 6 வேக மேனுவல்: இந்தச் சேர்க்கை இன்னும் புதிதாகக் கிடைக்கிறதே என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

ஹெமியின் உறுமல்தான் உயிர் என்றால் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். 2023 டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் உற்பத்தி நிற்பதற்கு முன் வந்த, 392 ஹெமி கொண்ட பழைய தலைமுறைச் சார்ஜர் அல்லது சாலஞ்சர் ஸ்காட் பேக் ஒன்றை, பராமரிப்புப் பதிவுகளோடு பழைய கார் சந்தையில் தேடுங்கள். மேனுவலும் வேண்டுமென்றால் சாலஞ்சரைத்தான் பார்க்க வேண்டும். அந்தத் தலைமுறைச் சார்ஜர் ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே வந்தது.